மெழுகோடு பெருக்கித் தள்ளியது

ஸ்டெல்லா அக்காவின் நுரையீரலிலிருந்து சோதனைக்கு எடுத்த சதையை வீணாக்கியவள் நான். ஊசி குத்தி அதை எடுத்த மருத்துவர்மீது பிழையில்லை. என் கைதான்!

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறி, காஞ்சிபுரத்து மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போகிறவள் நான். ஊசியில் வரும் சதையை மெழுகுக்கட்டியில் பதித்து, இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றி மெல்லிய ஏடுகளாகச் சீவுவேன். முதலில் மேல்மெழுகைக் கழிக்க வேண்டும். பெரிய துண்டு என்றால் தாராளமாகக் கழிக்கலாம். ஊசியில் வருவதோ நூலிழை அளவு... நாலு சுற்று கூடினால் சதையே போயிற்று!

அன்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தங்கையிடம் ரவிக்கைத் துணியின் நிறம் பேசிக்கொண்டிருந்தேன். கை பழக்கத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. பார்த்தபோது, புற்றுநோய் என்று உறுதிசெய்ய இரண்டே ஏடுகள் தேறின. மரபணுச் சோதனைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சிலருக்கு மட்டும் பலன் தரும் புற்றுநோய் மாத்திரை அவளுக்குக் கேட்குமா என்று அந்தச் சோதனையில்தான் தெரியும்.

கீழே கிடந்த மெழுகுச் சுருள்களைப் பெருக்கித் தள்ளினேன். பதிவேட்டில் 'மாதிரி போதவில்லை' என்று எழுதினேன். எவ்வளவு சுலபமாக எழுத வந்தது!

ஸ்டெல்லா அக்கா காவாந்தண்டலத்தில் நடவு வேலைக்குப் போகிறவள். ஒரே பஸ்ஸில் வருகிற பழக்கத்தால் சோதனை என்ன ஆயிற்று என்று நேரே என்னிடம்தான் வந்து கேட்டாள்.

"சதை பத்தலையாம் அக்கா. இன்னொரு வாட்டி ஊசி குத்தணும்."

அவள் முகம் விழுந்துபோயிற்று. "குத்துறப்போ இருமல் வந்துட்ச்சி கண்ணு, ஆடிட்டேன். என்னாலதான் உனுக்கும் பேஜாரு. இன்னொரு தபா தாங்க எனுக்குத் தெம்பு இல்ல, வுட்டுடு."

இல்லை அக்கா, நான்தான்... வாய்வரை வந்தது. வேலை போய்விடுமே!

"பரவாயில்ல அக்கா" என்றேன். அவளை நான் மன்னித்தேன்! என்ன நெஞ்சழுத்தம் எனக்கு!

எல்லோருக்கும் ஏற்றுகிற மருந்தையே அவளுக்கும் ஏற்றினார்கள். ஐந்து மாதம் இருந்தாள். அந்த மாத்திரை அவளுக்குக் கேட்டிருக்குமா? கேட்காமலும் போயிருக்கலாம் என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன்... முடியவில்லை.

போன வாரம் அவள் மகள் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ஆடாம இருந்திருந்தா மாத்திரையிலயே பொழச்சிருப்பேன்னு கடைசி வரிக்கும் சொல்லிக்கினே இருந்துச்சிக்கா எங்கம்மா" என்றாள்.

காவாந்தண்டலம் வரும்வரை அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. அவள் எழுந்தபோது, "பாத்து எறங்கும்மா" என்று மட்டும் சொன்னேன்.