நண்டு தின்ற விருந்தாளி

அக்காவைப் பெண் பார்க்கப் பளையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் எங்கள் வீட்டில் முதலில் முடிவானது நண்டுக்கறிதான். முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்துகொண்டு நண்டில்லாமல் சோறு போட்டால் மரியாதை என்னாவது என்பது அம்மாவின் கட்சி. அக்காவுக்குக் கம்பஸில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தூரம் என்று சொல்லி அம்மா அதை மறித்துவிட்டு, அவசரமாக மாப்பிள்ளை தேடியிருந்தார்.

அன்று விடிய அப்பா கொண்டுவந்த வலையில் கொழுத்த நண்டுகளோடு ஒரு பேய்க்கணவாயும் சிக்கியிருந்தது. பை போன்ற உடம்பு, எட்டுக் கைகள், எலும்பு என்று ஒன்றுமில்லை. அதை வாங்குகிறவர் பின்னேரம்தான் வருவார். அதுவரை உயிரோடு இருக்கட்டும் என்று, கடல் தண்ணீர் நிரப்பிய நீலப் பீப்பாயில் அதை விட்டுப் பலகையால் மூடினார் அப்பா. பக்கத்திலேயே ஒரு பேசினில் நண்டுகள். பூனை வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு.

நான் நேர்மையாகப் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வேலியோரம் நல்ல நித்திரை. ஆனால் அம்மா குசினியிலிருந்து வந்து பார்த்தபோது பேசினில் பாதி வெறும் ஓடுகள். உள்ளிருந்த சதையை யாரோ வழித்தெடுத்தது போலிருந்தது.

"உன்னை நம்பி விட்டன் பார்!" என்று அம்மா அகப்பையை ஓங்கினார்.

சேலை உடுத்து ஆயத்தமாக நின்ற அக்கா மட்டும் என்னை நம்பினாள். என் பக்கத்தில் வந்து குந்தி, ஓடுகளைப் புரட்டிப் பார்த்தாள். "பொறுங்கோ அம்மா. சத்தம் போடாதேங்கோ."

கொஞ்ச நேரத்தில் பலகை அசைந்தது. ஒரு கை மெல்ல வெளியே வந்து விளிம்பைத் தடவியது. பிறகு என் கைமுட்டிகூட நுழையாத இடைவெளியால் முழு உடம்பும் வழிந்து இறங்கியது. மணலில் அது மணல் நிறமாகிவிட்டது. பேசினில் ஏறி, ஒரு நண்டின் மேல் குடை போல விரிந்து மூடியது. நண்டு கொஞ்சம் உதறியது. பிறகு அடங்கிவிட்டது.

அம்மா கத்தியை எடுக்க ஓடினார். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அதைத் தூக்கினாள். அது அவளுடைய முழங்கைவரை சுற்றிக்கொண்டது. அப்போதுதான் வாசல் படலையில் பளை ஆட்களை ஏற்றிய வான் வந்து நின்றது.

மாப்பிள்ளை இறங்கிய வேகத்திலேயே தாயின் பின்னால் போய்விட்டார். தாய்தான் கிட்ட வந்தார். கண்ணாடி போட்ட, பருத்த மனுசி.

"கடிக்காதோ பிள்ளை?"

"கடிக்கும். ஆனா இப்ப அது என்னைவிடப் பயந்துபோய் நிக்குது. எப்பிடி வெளுத்திட்டுது பாருங்கோ."

அதற்கு மூன்று இதயம், நீல ரத்தம், தொட்டே ருசி அறியும், இப்போது என் கையை ருசி பார்க்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டே போனாள். அந்த மனுசி வெயிலில் நின்று கேள்விமேல் கேள்வி கேட்டார். கம்பஸில் இடம் கிடைத்த கதையும் அதில் வெளியே வந்தது. அம்மா முகத்தை மூடிக்கொண்டார். அப்பா மட்டும், அந்தப் பிராணியைத் தானே பெற்று வளர்த்தவர் போல, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

மிஞ்சிய நண்டு எல்லோருக்கும் காணாது என்பதால், கத்தரிக்காய்க் கறியும் முட்டைப் பொரியலுமாகச் சாப்பாடு முடிந்தது. புறப்படும்போது அந்த மனுசி அம்மாவின் கையைப் பிடித்தார்.

"உங்கட பிள்ளையைக் கேக்கத்தான் வந்தனாங்கள். இப்ப கேக்க மனம் வரேல்லை. முதல்ல அவாவைப் படிக்க விடுங்கோ."

"மனம் வரேல்லை" என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. என் அக்காவை, பேய்க்கணவாயை வெறுங்கையால் பிடித்த என் அக்காவை, வேண்டாம் என்கிறார்களா! அவர் நீட்டிய டொபியை நான் வாங்கவில்லை. வான் கிளம்பியபோது அதற்குப் பின்னால் மண்ணள்ளி எறிந்தேன்.

அக்கா படலையில் நின்று, வான் மறையும்வரை சிரித்துக்கொண்டே கையசைத்தாள். அவமானத்தை மறைக்கத்தான் அப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்து, அவளுக்காகவும் சேர்த்து நான் அழுதேன்.