வெர்னா அறுத்த பச்சை வில்லை

உங்கள் தட்டில் விழுந்த இறைச்சித் துண்டுக்கு, உயிரோடிருந்த காலத்தில் ஒரு நாளாவது காய்ச்சல் வந்ததா, வந்தபோது யார் மருந்து கொடுத்தார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

வெர்னா க்ரடோச்வில் கேட்பாள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் மணல்மேட்டுப் புல்வெளியில், காலைக் காபி ஆறுவதற்குள், காற்றாலை இறைக்கும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஐம்பத்தெட்டு வயது. தண்ணீர் குடிக்க வரும் மாடுகளின் காதுகளைத்தான் பார்ப்பாள். "வாலு பொய் சொல்லும், வயிறு பொய் சொல்லும். காது சொல்லாது" என்பாள். காது தொங்கினால் உள்ளே காய்ச்சல்.

மாடுகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் சாப்பிடுமுன் வானத்தைப் பார்த்துக் கடவுளுக்கு நன்றி சொல்லும்போது, அவள் முள்கரண்டியைப் பிடித்தபடி பட்டியல் வாசிப்பாள். "பம்பு சரி பண்ணிக் குடுத்த ஆர்லோவுக்கு நன்றி. மாட்டு டாக்டருக்கு நன்றி." மழையை விட்டுவிட்டாயே என்று தம்பி லாடி சீண்டினால், "அதுக்குக் காது கேக்காதுடா" என்பாள். அடுத்தது தட்டில் இருக்கும் மாட்டின் எண். கடைசியில், சற்றே தாழ்ந்த குரலில், "இருநூத்தி ஏழு." இருநூற்று ஏழு யார் தட்டுக்கும் வந்ததில்லை.

அவளுடைய மாடுகள் பிறந்தது முதல் கடைசிவரை புல்தான் தின்னும். கொழுக்க வைக்கும் ஊசி கிடையாது. ஒவ்வொன்றின் காதிலும் குத்திய ஒரு பச்சை அடையாள வில்லை. மருந்தே படாத மாடு என்று பொருள். ஒரே ஒரு தடவை மருந்து கொடுத்தாலும் வில்லையை அறுத்துவிட வேண்டும். இயற்கை இறைச்சிக் கடைகள் அந்த மாட்டைத் தொடாது. ஏலத்துக்குப் போய், அங்கிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளைச் சேற்றில் அடைத்துக் கொழுக்க வைக்கும் பட்டிக்குப் போய்ச் சேரும். அப்புறம் அது புல்லைப் பார்க்காது.

இந்த விதியை எழுதியவர்கள் மூச்சுத் திணறும் கன்றின் அருகில் நின்றவர்கள் அல்லர். அதனால் எங்கள் மணல்மேட்டில் ஒரு வியாதி உண்டு. "இன்னும் ஒரு நாள் பாக்கலாம்" என்பது அதன் பெயர். பச்சை வில்லையைக் காப்பாற்றக் கன்றைக் காத்திருக்க வைப்பார்கள். இயற்கை, இயற்கை என்று மந்திரம்போல ஓதிக்கொண்டு ஓர் உயிரை நெஞ்சடைத்துச் சாக விடுவது மூடநம்பிக்கை இல்லாமல் வேறென்ன? ஆறு வருடத்துக்கு முன், காது தொங்கிய ஒரு கன்றை வெர்னாவும் இரண்டு நாள் அப்படிப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை, இருநூற்று ஏழு தொட்டிக்கு வரவில்லை.

இந்த ஜூலையில் ஓமாஹா நகரத்திலிருந்து கார்லா வந்தாள். வெர்னாவின் மாடுகளை மொத்தமாக எடுக்கும் ஒரே கடைக்காரி அவள்தான். மாடு வளர்ப்பதைக் காட்ட வாடிக்கையாளர்கள் எட்டுப் பேரைக் கூட்டி வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு செங்கன்று காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

"அக்கா, இவங்க போகட்டும். சாயங்காலமா பாத்துக்கலாம்" என்று லாடி காதோரம் சொன்னான்.

"அதுவரைக்கும் அது மூச்ச அடக்கிக்கிட்டு இருக்குமா? கயித்த எடு."

லாடி குதிரையில் ஏறிச் சுருக்குக் கயிறு வீசிக் கன்றைத் தரையில் சாய்த்தான். வெர்னா கன்றின் கழுத்தில் முழங்காலை ஊன்றி ஊசியைச் செலுத்தினாள்.

"என்னங்க இது, கடை போர்டுல மருந்தே கிடையாதுன்னு போட்டிருக்கு?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"போர்டுக்குக் காய்ச்சல் வராது சார்."

கார்லாவின் முகம் சுருங்கியது. "இவங்க முன்னாடியா வெர்னா?"

"பாக்கத்தான கூட்டிட்டு வந்த? இந்த மருந்து ஒடம்ப விட்டு எறங்க சில வாரம். இது கறிக்குப் போக இன்னும் ரெண்டு வருஷம். இவங்க புள்ளைக்கு நெஞ்சுச் சளின்னா ஊசி போடாம புல்லுக் கட்டா குடுப்பாங்க?"

லாடி குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டிருந்தான். கார்லா கைவிட்டால் மந்தை முழுவதும் அந்தச் சேற்றுப் பட்டிக்குத்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

கார்லா மண்டியிட்டாள். கன்றின் விலாவில் கை வைத்தாள். உள்ளே துருத்தி போல அடித்துக்கொண்டது. கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

"தேறினா இதையும் நானே எடுத்துக்கறேன். நடந்தத அப்படியே எழுதி வச்சு விக்கறேன்."

"யாரு வாங்குவா?" என்றான் லாடி.

போர்டைப் பற்றிக் கேட்டவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒரு பங்கு எடுத்து வைங்க."

நன்றி சொல்ல வெர்னாவுக்குச் சாப்பாட்டு மேசை வேண்டும். புல்வெளியில் மேசை இல்லை. கத்தியை எடுத்துப் பச்சை வில்லையை அறுத்தாள். அதைக் கால்சட்டையில் துடைத்துக் கார்லாவின் உள்ளங்கையில் வைத்து, அந்த விரல்களைத் தன் கையாலேயே மூடினாள். "கண்ணுல படற மாதிரி கடையில மாட்டு. யாராவது கேப்பாங்க."

கேட்பவர் நீங்களாக இருங்கள். அடுத்த முறை கறிக்கடைக்குப் போகும்போது, விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: நோய் வந்த மாட்டை என்ன செய்தீர்கள்?