அலைக்கு முதுகு காட்டாதவன்

குருநகர் சிமியோனின் மகன் றஜிந்தன் முப்பத்தொரு வயதில் சில்லுப் பலகை ஓட்டப் பழகுகிறான் என்ற செய்தியை ஊர் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு சிரிப்பை நிறுத்தவில்லை.

வலை காயப்போடும் சீமெந்துத் தளத்தில், காலை ஆறு மணிக்கு, இரு கைகளையும் விரித்து முழங்காலை மடித்தபடி அவன் வளைந்து வளைந்து போவான். நான்கு சிறு சக்கரச் சில்லுகள் பூட்டிய குட்டைப் பலகை அது; முன் சில்லுகள் இரண்டும் இடுப்பு அசைகின்ற பக்கமெல்லாம் நெளிந்து கொடுக்கும். சேர்ஃப்ஸ்கேற் என்பது அதன் பெயர். அலையின் மேல் நின்று சறுக்க விரும்புகிறவர்கள், தரையிலேயே உடம்பைப் பழக்கிக்கொள்வதற்கான சாதனம்.

"இஞ்சை பாருங்கோடி, சிமியோன் அண்ணையின்ரை மோன் சுற்றுப்பிரகாரம் வாறார். தூக்கிவர மாதா சுருவந்தான் குறை!" என்றாள், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இராசாத்தி.

"மாமி, நீங்கள் ஏறுங்கோ. உங்களையே சுருவமாக் கொண்டுபோறன்."

"போடா! என்ரை பாரத்துக்கு உந்தச் சில்லு நாலும் கழண்டு போகும்."

சிரித்தவர்களுக்கும் காரணம் தெரியாமலில்லை. இழுவைப் படகுகள் இரண்டு தடவை வலைகளை வாரிக்கொண்டு போனபின் றஜிந்தன் தொழிலைக் கைவிட்டிருந்தான். கட்டாரில் களஞ்சியக் காவல் வேலைக்கு முகவர் ஏற்பாடு செய்துவிட்டார். தை பத்தாம் திகதி விமானம். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். மகளுக்கு மூன்று வயது. போகாமல் இருப்பதற்கு ஒரேயொரு வழிதான் மிஞ்சியிருந்தது. தொண்டைமானாற்றுக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடைப்பட்ட கரையில், வாடைக்காற்று வீசும் மாதங்களில் அலைச்சறுக்குப் பள்ளியொன்று நடத்தத் தென்னிலங்கைக் குழுவொன்று முன்வந்திருந்தது. உள்ளூரார் ஒருவருக்குப் பயிற்றுநர் வேலை. தேர்வு மார்கழி பதினான்காம் திகதி. ஒருவருக்கு மூன்று அலைகள். அவற்றுள் ஒன்றிலாவது எழுந்து நின்று கரை சேர வேண்டும்.

அவனுக்குப் பழக்கியவன் நஸீர். நகரத்து உடற்பயிற்சி நிலையமொன்றில் வேலை பார்ப்பவன். அதற்கு முன் அறுகம்குடாவில் நான்கு ஆண்டுகள் அலையேறியவன். றஜிந்தனைவிட ஒன்பது வயது இளையவன். நாளொன்றுக்கு நாற்பது தண்டால், முழங்கைகளை ஊன்றி இரண்டு நிமிடம் விறைத்துக் கிடத்தல், குந்தியிருந்து மேலே பாய்தல் ஐம்பது, குப்புறக் கிடந்து ஒரே துள்ளலில் இரு கால்களையும் ஊன்றி எழும்புதல் அறுபது என்று அவன் எழுதிக் கொடுத்த பட்டியலை றஜிந்தனின் மனைவி ஜெசிதா சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தாள். கணவன் ஒருநாளாவது தவறவிட்டதாக அவளுக்கு நினைவில்லை.

"கால் ஒண்டும் முக்கியமில்லை அண்ணை," என்பான் நஸீர். "கண்தான். கண் எங்கை போகுதோ, தோள் அங்கை போகும். தோள் போற பக்கம் பலகை போகும்."

மூன்றே வாரத்தில் அந்தப் பாடம் எலும்புவரை ஊறிவிட்டது. கண்ணைத் திருப்பினால் போதும், பலகை கன்றுக்குட்டிபோல் பின்னே வந்தது.

கார்த்திகைக் கடைசியில், வடகரை அலைகள் ஆளுயரம் எழத் தொடங்கியதும், மெய்ப் பலகையோடு கடலில் இறங்கினார்கள். அன்றுதான் சங்கடம் வெளிப்பட்டது.

அலையேறுகிறவன் அலைக்கு முதுகைக் காட்டிக் கரையை நோக்கிக் கைகளைத் துடுப்பாக்கி நீரைத் தள்ள வேண்டும். அலை பின்னிருந்து தூக்கும்போது எழுந்து நிற்க வேண்டும். றஜிந்தனோ பதினொரு வயதிலிருந்து சுக்கான் பிடித்தவன். பெரிய அலை வந்தால் படகின் முன்புறமாகிய அணியத்தை அதற்கு நேரே திருப்பு. முதுகைக் கொடுத்தால் படகும் போச்சு, நீயும் போனாய்: கடல் தொழிலாளியின் உடம்பில் மூச்சுக்கு அடுத்தபடியாக இருக்கும் சட்டம் இது. பின்னால் அலையின் இரைச்சல் கேட்ட மாத்திரத்தில் அவன் கண் திரும்பியது. கண் திரும்ப, தோள் திரும்பியது. தோள் திரும்ப, பலகை முகத்தைக் கடலுக்குக் கொடுத்து நின்றது. சீமெந்துத் தளத்தில் கற்ற பாடம் அவனுக்கே எதிராகச் சாட்சி சொல்லியது.

"ஏன் அண்ணை திரும்பினனீங்கள்?"

"நான் திரும்பேல்லை. அது திரும்பிச்சுது."

அன்று பதினேழு அலைகள். பதினேழிலும் அப்படியே.

நஸீருக்கு ஒரு யோசனை தோன்றியது. றஜிந்தன் முற்றத்தில் குப்புறக் கிடக்க, பின்னிருந்து ஜெசிதா வாளித் தண்ணீரை வீச, அவன் திரும்பாமல் எழும்ப வேண்டும்.

"என்னப்பா, ஊத்தட்டோ?"

"சொல்லிப்போட்டு வாற அலை எங்கையடி இருக்கு?"

இருபது வாளி வீசினாள். ஒன்றுக்கும் அவன் திரும்பவில்லை. வாளிக்குப் பின்னால் நிற்பவள் ஜெசிதா என்பது அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் கடலில் பழைய கதையே. காதில் பஞ்சு அடைத்துப் பார்த்தான். இரைச்சல் நின்றது, ஆனால் பலகைக்கடியில் நீர் பின்னோக்கி உறிஞ்சப்படுவதை வயிறு அறிந்து சொல்லியது.

தேர்வுக்கு இருவர் வந்தார்கள். மற்றவன் ஜெயசுதன், நெல்லியடியில் கைபேசி திருத்துபவன். படகில் கால் வைத்தறியாதவன். நீச்சலும் சென்ற ஆண்டு கற்றதுதான். முதல் அலை அவனைப் புரட்டியெடுத்தது. இரண்டாவதில், பின்னால் வருவது எவ்வளவு பெரியது என்று சற்றும் எண்ணாமல், வாயைப் பிளந்து சிரித்தபடி எழுந்து நின்று கரைவரை வந்து விழுந்தான். பள்ளியின் பொறுப்பாளர் பிரியந்தினி கைதட்டினாள்.

றஜிந்தனுடைய முதலிரண்டு அலைகளும் வழக்கம்போலவே போயின. மூன்றாவதற்கு அவன் ஒரு தீர்மானம் செய்தான். கரையில் ஜெசிதாவின் மஞ்சள் குடை தெரிந்தது. உயிர் போனாலும் கண்ணை அதிலிருந்து எடுப்பதில்லை. அலை எழுந்தது. வயிறு சொன்னது, அவன் கேட்கவில்லை. கண் குடையிலேயே நின்றது. ஆனால் அவன் கவனியாத வலது கை, தானாகவே நீருக்குள் ஆழ இறங்கி, சுக்கானைப்போல் உறுதியாக நின்றது. குடை நழுவி ஒருபுறம் போனது. கடல் முன்னே வந்தது. பலகையின் மூக்கு அலையைக் கிழித்து ஏறி, உச்சியில் ஒரு கணம் தங்கி, அப்பால் மெத்தென்று இறங்கியது. ஒரு சொட்டு நீர்கூட முகத்தில் தெறிக்கவில்லை.

"எவ்வளவு வடிவாக் கடந்திட்டார்," என்றாள் பிரியந்தினி. பிறகு நஸீரின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா தம்பி, நான் பாக்க வந்தது அதை இல்லை."

நஸீர் தலையசைத்தான். அவள் குறிப்பேட்டை மூடினாள்.

அலை உடையும் வரிசைக்கு அப்பால், பலகையில் கவிழ்ந்து கிடந்த றஜிந்தனுக்கு அது கேட்டிருக்க முடியாது. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இனி அவன் செய்ய வேண்டியது கரைக்கு வருவது மட்டுமே. கரையை நோக்கித் திரும்பினான். அடுத்த அலையின் இரைச்சலுக்குக் கடலை நோக்கித் திரும்பினான். மறுபடி கரை, மறுபடி கடல். ஐந்தாறு தடவை இப்படியே நடந்தது. கரையில் நின்ற யாரோ சிரித்தார்கள். பின்னர் அவர்களும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இறுதியில் அவன் தன் உடம்போடு வழக்காடுவதை விட்டான். முகத்தைக் கடலுக்கே கொடுத்துப் பலகையில் எழுந்து குந்தி, ஒவ்வோர் அலையும் தள்ளத் தள்ள, பின்புறமாகவே கரையை நெருங்கினான். மகளை இடுப்பில் ஏந்திய ஜெசிதா முழங்காலளவு நீரில் இறங்கிப் பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டாள். அப்பொழுதும் அவன் திரும்பவில்லை.

"அவன் நிண்டவனோ?" என்று கடலைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஓம். ரெண்டாவதிலை நிண்டிட்டான்."

"நல்லா நிண்டவனோ?"

"நல்லாத்தான்."

இன்னொரு அலை வந்து நெஞ்சில் முட்டி உடைந்தது. மகள் தகப்பனின் ஈரத் தோளைத் தட்டி, "அப்பா, இஞ்சாலை பாருங்கோ," என்றாள். அவன் தலையை ஆட்டினான். "கொஞ்சம் பொறம்மா," என்றான். "உது ஒண்டு போகட்டும்."

அதன் பின்னால் இன்னும் மூன்று எழுந்து வந்துகொண்டிருந்தன.