பிரிக்காத கப்பல்

பிரித்தால் கெட்டுவிடும் என்று ஒரு பொருளை மூடியே வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். புதுக் குக்கரை அட்டைப்பெட்டியோடு பரணில் ஏற்றுகிறவர்கள், சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே உட்காருகிறவர்கள், எல்லோர் மேலும்தான். வெள்ளி செவ்வாய் விளக்கேற்றுகிறவள் இப்படிக் கோபப்படலாமா என்று வீட்டுக்காரர் கேட்பார். படலாம். அவருக்கு அந்தக் கப்பலைப் பற்றி முழுசாகத் தெரியாது.

எங்கள் அப்பா, அணுமின் நிலையத்து ஊழியர்கள் இருக்கிற அணுபுரம் குடியிருப்பில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீசியன். மாற்றலாகிப் போகும் குடும்பங்களுக்கு விசிறி, டியூப்லைட் எல்லாம் கழற்றிக் கொடுப்பார். அப்படிப் போன ஒரு வீட்டு அம்மாள், தன் பையன் வளர்ந்துவிட்டான், இதைப் பிரிக்கவே இல்லை, உன் பெண்ணுக்குக் கொடு என்று ஒரு பெட்டியைத் தந்தாராம். அப்பா அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். மேலே கண்ணாடித்தாள் சுற்றியிருந்தது. மூன்று பாய்மரத்தோடு ஒரு கப்பல் அலையைக் கிழித்துக்கொண்டு வருகிற மாதிரி படம். பக்கத்தில் ஜப்பான் எழுத்து. உள்ளே இருப்பது முழுக் கப்பல் இல்லை, துண்டு துண்டாக இருக்கும், நாம்தான் ஒட்டிக் கப்பலாக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒட்டலாம் என்றும் சொன்னார். எனக்கு அதுவரை யாருடைய பழைய கவுனோ, யாருடைய பழைய புத்தகமோதான் வந்திருக்கிறது. யார் கையும் படாத பொருள் ஒன்று என் பெயரைச் சொல்லி வந்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு வருவதற்குள் சித்தப்பா குறுக்கே வந்துவிட்டார்.

சித்தப்பா எங்கள் வீட்டில்தான் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. சென்னைக்குப் போகிற சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டைப் அடிக்கிற வேலை. வேலை இல்லாத நேரமெல்லாம் மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து உட்காருகிற பிரவுசிங் சென்டரில் இருப்பார். பெட்டியில் இருந்த கம்பெனிப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனவர், திரும்பி வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"ண்ணா, இத யாரும் தொடாதீங்க. இத செஞ்ச கம்பெனியே இப்ப கெடையாது, மூடிட்டான். ஒலகத்துல இத தேடிகினு ஒரு கூட்டமே கீது."

"தேடி இன்னா பண்ணுவான்? ஒட்டுவானா?" என்றார் அப்பா.

"ஒட்டமாட்டான். வெச்சிப்பான்."

"வெச்சி?"

"வெச்சிகினே இருப்பான் ண்ணா."

அப்பா சிரித்தார். ஆனால் தம்பி பேச்சைத் தட்ட மாட்டார். பெட்டி பீரோ மேல் ஏறியது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கூட்டத்தின் பேச்சாகவே இருந்தது. இன்டர்நெட்டில் அவர்களுக்கென்று ஓர் இடம் உண்டாம். சின்ன வயதில் விளையாடியதை நினைத்து ஏங்குகிற பெரிய மனிதர்கள், நாட்டுக்கு ஒருத்தராக அங்கே எழுதிக்கொள்வார்களாம். சித்தப்பா கேமரா இரவல் வாங்கிப் பெட்டியைப் படம் பிடித்துப் போட்டார். மூலை நசுங்கியிருக்கிறதா, வெயில் பட்டு நிறம் வெளுத்ததா என்று விசாரித்தார்களாம். அமெரிக்காவில் ஒருத்தர் படத்தைப் பார்த்து அழுதே விட்டாராம். "என்னை சார்னு கூப்புட்றாங்க அண்ணி" என்று அம்மாவிடம் சொன்னார். கம்பெனியில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அழுகிற அமெரிக்காக்காரர் சின்ன வயதில் ஒட்டி விளையாடினாரா இல்லையா? விளையாடியதால்தானே ஏக்கம்? நான் எதை நினைத்து ஏங்க, பீரோவையா? இவ்வளவு தெளிவாக அன்று கேட்கத் தெரியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, கண்ணாடித்தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டத்தான் தெரிந்தது.

சித்தப்பா பார்த்துவிட்டுக் கத்தினார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சொன்னா கேக்க மாட்டியாடி? சித்தப்பா சாமான தொட்டா கைய ஒடிச்சிருவேன்." சித்தப்பா சாமான் என்றாள். அடியைவிட அதுதான் வலித்தது. என் பொருள் எப்போது அவர் பொருளானது? அன்றைக்கு நவராத்திரி ஆரம்பம். நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். சுண்டல் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், பேச மாட்டேன்.

அந்த வாரமே சித்தப்பா இன்னொரு செய்தி கொண்டுவந்தார். கூட்டத்தில் பெங்களூர்க்காரர் ஒருத்தர் இருக்கிறார், விஜயதசமி அன்று நேரிலேயே வந்து கப்பலை எடுத்துப்போகிறார், பதிலுக்கு இரண்டு விமானப் பெட்டி தருகிறார்.

"அதையாவது புள்ளைக்கு ஒட்டக் குடுப்பீங்களா?" என்றாள் அம்மா.

"அய்யோ அண்ணி, அதுவும் பிரிக்காததுதான். அத குடுத்து வேற வாங்கலாம்."

அம்மா அரிசி களையப் போனாள். இப்படி மூடின பெட்டிக்கு மூடின பெட்டியாக மாற்றிக்கொண்டே போனால் உலகத்தில் எந்தக் குழந்தைதான் எதைத் தொடும் என்று நான் கதவுக்குப் பின்னால் பல்லைக் கடித்தேன். பெங்களூர்க்காரர் வருகிற பஸ் பஞ்சராகட்டும் என்று சரஸ்வதி படத்தின் முன் நின்று வேண்டினேன். வேண்டக்கூடாத வேண்டுதல்தான். தாயாருக்குத் தெரியாததா.

ஆயுத பூஜை அன்று காலை, வேலைக்குக் கிளம்பும்போது சித்தப்பாதான் சொன்னார். "அண்ணி, அந்தப் பெட்டியையும் பூஜையில வெச்சிருங்க. நாளைக்கு நல்லபடியா முடியட்டும்."

அவரும் எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். பூஜையில் வைத்தால் என்ன செய்வார்கள் என்று தெரியாதா? வருஷா வருஷம் பார்த்ததுதானே? ஆனால் அன்று அவர் மனசு முழுக்க அந்தக் கூட்டத்தில் இருந்தது.

சாயங்காலம் அவர் திரும்பியபோது கற்பூரம் காட்டி முடிந்திருந்தது. அப்பாவின் டெஸ்டர், கட்டிங் பிளேயர், அம்மாவின் அரிவாள்மனை, என் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் கப்பல் பெட்டி. கண்ணாடித்தாள் இல்லை. பாய்மரம் மூன்றிலும் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம், மேலே ஒரு சாமந்தி.

"அண்ணி, இன்னா பண்ணிட்டீங்க?"

"நீங்கதான தம்பி வெக்கச் சொன்னீங்க? பொட்டு வெக்காம எந்த சாமான வெப்பாங்க?"

"அந்தத் தாளு?"

"அத போட்டுகினு இருந்தா சந்தனம் எங்க ஒட்டுது? வழுக்கிகினு போவுது. அதான் கிழிச்சிட்டேன்."

அவர் எடுக்கக் கை நீட்டினார். "கற்பூரம் காட்டினத காலையிலதான் எடுக்கணும்" என்றார் அப்பா. அதற்கு மேல் எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது. சித்தப்பா சாப்பிடாமல் எதிர்ச் சுவரில் சாய்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெங்களூர்க்காரர் மறுநாள் சரியாக வந்து சேர்ந்தார். நல்ல தமிழ் பேசினார். கையுறையெல்லாம் கொண்டுவந்திருந்தார். பெட்டியைப் பார்த்தார், போட்ட கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தார். "சாமிக்கு வெச்சத நான் எடுத்துட்டுப் போறது நல்லா இருக்காதுங்க" என்று நயமாகச் சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"இந்த வூட்ல இருக்கறதே பேஜாரு" என்று சித்தப்பா கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போது அம்மா பெட்டியை எடுத்து அப்பா முன் வைத்தாள். "விஜயதசமியன்னிக்கு பூஜையில வெச்சத எடுத்து வேல செய்யணும் இல்ல? பொஸ்தகம் வெச்சா படிக்கணும், பிளேயர் வெச்சா கம்பி புடிக்கணும். இத வெச்சா?"

"ஒட்டணும்" என்றார் அப்பா.

உள்ளே இருந்த பசை கல்லாகியிருந்தது. அப்பா ஒயரிங் பைப்புக்குப் போடுகிற பசையைக் கொண்டுவந்தார். அது பட்ட இடம் இளகி, நடுப் பாய்மரம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. நான் துண்டுகளை ஒவ்வொன்றாக, அவை கோத்திருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து திருகி எடுத்தேன். அந்த 'டிக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. சித்தப்பா நின்று பார்த்தார். "ண்ணா, அது தப்பு. அது பின்பக்கத்துது" என்றார். பிறகு உட்கார்ந்து அவரே பிடித்துக்கொண்டார்.

ஆனாலும் மனசு ஆறாமல் அந்தச் சந்தனப் பெட்டியின் படத்தைக் கூட்டத்தில் போட்டிருக்கிறார். வரிசையாகச் சிரிக்கிற முகங்களை அனுப்பினார்களாம். பிறகு யாரும் அவரை சார் என்று கூப்பிடவில்லை. கொஞ்ச நாள் பிரவுசிங் சென்டர் பக்கமே அவர் போகவில்லை. என் சித்தப்பாவை நான் திட்டுவேன், அது எங்கள் வீட்டு விஷயம். சிரிக்க அவர்கள் யார்? அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது, இன்னும் போகவில்லை. இப்போது வேறு ஒரு கம்பெனி அதே கப்பலை, அதே படத்தோடு, பழைய நினைவு என்று சொல்லி மறுபடி விற்கிறது என்று என் பையன் போனில் காட்டினான். என் நினைவை இவர்கள் எந்தப் பெட்டியில் போட்டார்கள்?

சாய்ந்த பாய்மரத்தோடு அந்தக் கப்பல் என் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெட்டியையும் வைத்திருக்கிறேன். என் வீட்டில் நானே ஆயுத பூஜை செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. சாமான்களுக்கு நாங்கள் சந்தனமும் குங்குமமும்தான் வைப்போம். காய்ந்ததும் துணியால் தட்டினால் உதிர்ந்துவிடும். மஞ்சள் வாசற்படிக்கு மட்டும்தான், பட்ட இடத்தைவிட்டு அது போகாது. அந்தப் பெட்டியில் சந்தனம் என்றைக்கோ உதிர்ந்துவிட்டது. அதன் அடியில் மூலைக்கு மூலை மஞ்சள் அப்படியே இருக்கிறது.

கப்பல் முடிந்த அன்று நான் சரஸ்வதி படத்தின் முன் விழுந்து கும்பிட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போனேன். அம்மா தட்டில் சோறு போட்டு நீட்டினாள். பேசாமல் வாங்கிக்கொண்டேன். அவள் உள்ளங்கை மணிக்கட்டு வரைக்கும் மஞ்சளாக இருந்தது. சமையல் கறை என்று நினைத்துக்கொண்டேன்.