ஆந்தைக் காலில் தொங்கிய ஆணி

ஸ்டுடியோக்காரருக்குப் பிழைப்பே மறைப்பதுதான். பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன் குந்தி, ஊரார் முகத்துப் பருவை அழிப்பார், தொப்பையை உள்ளே தள்ளுவார். கடையைச் சாத்தும்போது தன் விரல்களைப் பார்க்கவே அவருக்குக் குமட்டும். வாயைக் கொப்பளிக்கிற மாதிரி, சாயங்காலம் ஆந்தையைப் படமெடுக்கப் போவார்.

மூடிக்கிடந்த ஆலைக்குப் பின்னால் புல்வெளி. வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஆந்தை அங்கே இரைதேட வரும். ஷட்டரை வேண்டுமென்றே மெதுவாக்கி, பறக்கிற ஆந்தையோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பார். அமைந்தால் முகம் மட்டும் தெளிவாக நிற்கும், இறக்கை புகையாகிவிடும். மூன்று வருஷமாக அமையவில்லை. "கிட்டவே வரமாட்டேங்குது" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால், பெண்டாட்டியும் மைத்துனனும் கேட்க, தினமும் புலம்பல்.

கண்காட்சிக்குப் படம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், வந்தது. நேர் எதிரே.

கடைக்கு ஓடிவந்து திரையில் பெரிதாக்கினார். புகைக்கு நடுவே இரண்டு கண், அப்படியே. கீழே நகர்த்தினார். காலில் வெள்ளை எலி. எலியின் காலில் நைலான் இழை. இழை நுனியில் ஒரு ஆணி, அதுவும் கூடவே பறந்துகொண்டிருந்தது.

பின்னால் நின்ற மைத்துனன் சிரித்தான்.

"எப்படி மாமா நம்ம ஏற்பாடு? வளர்ப்புப் பிராணிக் கடையில எலி வாங்கி, புல்வெளியில ஆணியடிச்சுக் கட்டிவச்சேன். ஆணியோட பிடுங்கிட்டுப் போகும்னு யாரு கண்டா!"

"அந்த இழை கிளையில மாட்டினா தலைகீழாத் தொங்கியே செத்துடும்டா, பாவி."

"அட போங்க மாமா. ஊரு மச்சத்தையெல்லாம் தூக்குற ஆளு, ஒரு நூலைத் தூக்க மாட்டீங்களா? ரெண்டு நிமிஷ வேலை."

அவ்வளவுகூட ஆகாது. அவன் சொல்லி முடிப்பதற்குள் கை தானாகப் பாதி இழையை அழித்திருந்தது.

சீ என்று கையை உதறினார். அழித்ததைத் திரும்ப வரவழைத்தார். பிறகு இத்தனை வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார்: இழையை இன்னும் பளிச்சென்றாக்கினார், ஆணியைத் துலக்கினார். கண்காட்சிக்கு அனுப்பவில்லை. பெரிதாக அச்சிட்டு, கடை ஜன்னலில் மாட்டி, கீழே எழுதினார்: "எலியைக் கட்டியது என் மைத்துனன். கிட்ட வரலையே என்று புலம்பியது நான்."

"அக்காகிட்ட நீங்களே பேசிக்குங்க" என்று மைத்துனன் விருட்டென்று போனான்.

ஆந்தை அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. தினமும் அவர் மரம் மரமாக அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார். விண்ணப்பத்துக்குப் படமெடுத்துக்கொள்ள வந்த அம்மாள் ஒருத்தி ஜன்னலைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஐயே, இதைக் கழட்டுங்களேன். பார்க்கவே அருவருப்பா இருக்கு."

"எனக்கும்தாம்மா" என்றார் ஸ்டுடியோக்காரர். கழற்றவில்லை.