ஆலாத்தி எடுத்த கார்

போன வாரம் ஒரு காரின் பின்சீட்டுக்கு அடியில் காளான் பறித்தேன். நிஜக் காளான்தான். குடை விரித்து, பக்கத்தில் இரண்டு குஞ்சுகளையும் வைத்துக்கொண்டு நின்றது. முசிறிப் பக்கத்தில் இருக்கிற என் சொந்தங்களே, நீங்கள் நம்பமாட்டீர்கள். நம் ஊரில் தோல் செருப்பை இரண்டு நாள் வெயிலில் விட்டால் வெடித்துவிடும். காளான் வேண்டுமென்றால் இடி இடிக்க வேண்டும், மழை பெய்ய வேண்டும், புற்றுப் புற்றாகத் தேடிப் போக வேண்டும். இங்கே இலங்கை மலையில், டிக்கோயாவில் ஒரு துரை லீவில் போய்த் திரும்புவதற்குள் அவருடைய காருக்குள்ளேயே விளைந்துவிடுகிறது. கறி வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். துரை காரில் விளைந்தது துரைக்குத்தானே சேரும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர். நான் பேசுவதைத் துவைத்து, காயப்போட்டு, மடித்து எழுதுவார். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன். சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

என் தொழில் காரின் உள்ளே துப்பரவாக்குவது. வெளியே கழுவுவதற்கு ஆளா இல்லை? ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சாக்குத் துண்டும் இருந்தால் யாரும் கழுவலாம். உள்ளே அப்படியில்லை. இந்த மலையில் பனி காருக்குள் புகுந்து குடியிருக்கும். தோல் சீட்டில் நரைமுடி மாதிரி வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும். விரிப்பின் மடிப்பில் அட்டைப் பூச்சி ஒளிந்திருக்கும், அதற்காக இடுப்பில் உப்பு முடிச்சு இல்லாமல் நான் காருக்குள் தலையை விடமாட்டேன். சீட்டின் தையலுக்குள் போன மண்ணை எடுப்பது என் கொண்டை ஊசிதான். தோலுக்கு விளக்கெண்ணெயில் கொஞ்சம் வினாகிரி, அதுதான் புளிக்காடி, கலந்து, பழைய வேட்டித் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். நாற்றம் போக, அடுப்புக்கரியைத் துணியில் கட்டி ஒரு ராத்திரி உள்ளே வைப்பேன். அட்டனில் இருந்து, தலவாக்கலையில் இருந்தெல்லாம் கார் வருகிறது என்றால் சும்மாவா?

இதெல்லாம் தேயிலைக் கொழுந்து பறிக்கிற கூடையை முதுகில் இருந்து இறக்கிய பிறகு கற்றது. பங்களாவில் துணி துவைக்கப் போன இடத்தில், துரை வளர்த்த நாய் மயிர் உதிர்த்த காரை ஒருநாள் என்னிடம் காட்டினார்கள். துரைசாணி அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். நான் குசினியில் இருந்து அவித்துக் கொட்டிய தேயிலைச் சக்கையை ஈரம் பிழிந்து எடுத்து வந்து, விரிப்பு முழுவதும் தூவினேன். அந்த அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்துவிட்டார். குப்பையைக் கொண்டுவந்து காரில் கொட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. நான் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் போ என்று கையைக் காட்டினார். நான் போகவில்லை. விளக்குமாற்றால் கூட்டி எடுத்தபோது ஈரச் சக்கையோடு தூசியும் மயிரும் சுருண்டு வந்தன. விரிப்பு புதிசு மாதிரி கிடந்தது. அடுத்த வாரம் அந்த அம்மாவே ஒரு டின் நிறையச் சக்கை சேர்த்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

சொல்ல வந்தது அதுவல்ல. பியசேனவின் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்ச வருஷத்துக்கு முந்திய கதை.

பியசேன சிங்களப் பையன். டிக்கோயா ரோட்டில் ஹயரிங் கார், வாடகைக் கார் ஓட்டுகிறவன். வெளியே கறுப்பு, உள்ளே பால் நிறத் தோல் சீட்டு, கூரையில் வெள்ளைத் துணி. தாலிக்கொடியைக் கவனிப்பது மாதிரி அந்தக் காரைக் கவனிப்பான். என்னை ஆச்சி என்று கூப்பிடுவான். அவர்கள் பாஷையில் பாட்டிக்கு அதுதான். அப்போது எனக்கு அவ்வளவு வயசில்லை, இருந்தாலும் கோபித்துக்கொள்ளவில்லை.

என் சிநேகிதி அஞ்சலை ஆஸ்பத்திரியில் இறந்த அன்றைக்கு மழை என்றால் அப்படி ஒரு மழை. அஞ்சலையும் நானும் ஒரே கப்பலில் வந்தவர்கள். கப்பலில் அவள் வாந்தி எடுக்க நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன், பிறகு நான் எடுக்க அவள் பிடித்துக்கொண்டாள். அப்படித்தான் பழக்கமானோம். எங்கள் லயத்துக்கு, இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, அவள்தான் மருத்துவச்சி. உடம்பை மேலே லயத்துக்குக் கொண்டுவர வண்டி கிடைக்கவில்லை. பிணம் ஏற்றினால் பிறகு யார் ஏறுவார்கள் என்று கார்க்காரர்கள் நகர்ந்துகொண்டார்கள். பியசேன மட்டும் கதவைத் திறந்தான். அஞ்சலையின் மகன் தாயின் தலையை மடியில் வைத்துக்கொள்ள, லயத்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டான்.

மற்றக் கார்க்காரர்கள் சொன்னது மாதிரியே ஆயிற்று. தீட்டுக் கார் என்று நம் சனங்கள் அதில் ஏறவில்லை. மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்பார்கள், பியசேன பக்கத்தில் நிறுத்தினால் வானத்தைப் பார்ப்பார்கள். லயத்தில் என் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பராவில் இருந்த செல்லம்மா, தன் மகள் கல்யாணத்துக்கு அந்தக் காரைத்தான் பேசி வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீடு அக்கரப்பத்தனையில். அவளும் வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டாள். கல்யாண மாசத்து ஓட்டம்தான் பியசேனவுக்கு வருஷச் சோறு. ஒரு வீடு விட்டால் எல்லா வீடும் விடும்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? மஞ்சள் தண்ணீர் தெளித்தால் தீட்டுப் போகும் என்று அவனுக்கும் தெரியும், அவர்களும் தெளிக்கிறவர்கள்தான். ஆனால் கார் ஸ்டாண்டில் யாரோ, ஒரு வீட்டுக்குத் தெளித்தால் போதும், ஊரே பயப்படுகிற காருக்கு ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வாளி வாளியாகக் கரைத்து ஊற்றிவிட்டான். சீட்டு மஞ்சள், கூரைத் துணி மஞ்சள். பயந்துபோய் பார் சவுக்காரத்தை எடுத்து ராவித் தேய்த்திருக்கிறான். தேய்க்கத் தேய்க்க எல்லாம் சிவப்பாகிவிட்டது.

காலையில் என் வேலைக் கொட்டகைக்கு முன்னால் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தான். நான் கதவைத் திறந்தேன். சீட்டு முழுக்கச் சிவப்பு. கூரையில் சிதறல் சிதறலாகச் சிவப்பு.

"ஆச்சி, ஒக்கம ரத்து. லே வகே," என்றான். எல்லாம் சிவப்பு, ரத்தம் மாதிரி என்று. "அந்த அம்மாவுக்கு நாங் என்ன பிழை செஞ்சது? நல்லதுதானே செஞ்சது?"

அதற்குள் தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு வந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். அஞ்சலையின் ரத்தம் சீட்டில் ஊறி மேலே வருகிறது என்று லயம் முழுக்கப் பேச்சுப் போய்விட்டது. அஞ்சலை இருமலில் போனவள், ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. ஆனால் பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா? காரை விற்றுவிட்டு கினிகத்தேனையில் அண்ணன் கடையில் தராசு பிடிக்கப் போகிறேன் என்றான் பியசேன. ஓட்டுகிற கை அது, தராசு பிடிக்கிற கையா?

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகிறவன் முன்னால் சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். பிறகு போய் செல்லம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஒரு வெள்ளைத் தட்டில் மஞ்சளைக் கரைத்தேன்.

"இது என்னா?" என்று அவளைக் கேட்டேன்.

"மஞ்சத் தண்ணி."

"இதுல சுண்ணாம்பு போட்டா?"

"ஆலாத்தி. செவப்பாவும். இது தெரியாமத்தான் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேனா?"

நான் சுண்ணாம்புக்குப் பதிலாகச் சவுக்காரத்தைக் கரைத்து ஊற்றினேன். தட்டு சிவந்தது. சுற்றி நின்ற பெண்கள் தட்டைப் பார்த்தார்கள், காரைப் பார்த்தார்கள்.

"ரத்தமில்ல புள்ள," என்றேன். "இந்த மடையன் காருக்கு உள்ளுக்க ஆலாத்தி எடுத்துருக்கான்."

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப சுண்ணாம்பு வாங்க கடைக்குப் போகத் தேவயில்லன்னு சொல்லுங்க," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. பியசேனவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று மட்டும் விளங்கியது.

பயம் தெளிந்தாலும் சிவப்பு அங்கேயேதான் இருந்தது. இங்கே தேசிக்காய் என்று சொல்கிற எலுமிச்சையைப் பிழிந்து துணியில் நனைத்து ஒற்றினேன். சிவப்பு திரும்ப மஞ்சளாயிற்று. புளிப்புக்கு அது கட்டுப்படும். மஞ்சளை எடுக்கத் துணியும் தண்ணீரும் உதவாது, வெயில் ஒன்றுதான் தின்னும். மஞ்சள் குளித்த சேலையைக் காயப்போடுகிறவளுக்கு இது தெரியும். நம் ஊராக இருந்தால் ஒரு பகல் போதும், காரே வெளுத்துவிடும். இங்கே வெயிலுக்கு எங்கே போக? தை மாசம், பனி விலகவே நேரமாகும். விலகினால் ஒரு துண்டு வெயில் விழும், அதுவும் மலை நிழல் வந்து மூடுகிற வரைக்கும்தான்.

அதனால் வெயிலைத் துரத்தினோம். நான்கு கதவையும் திறந்து போட்டு, கொட்டகைக்கு முன்னால் கொஞ்ச நேரம். நிழல் வந்ததும் காரைத் தள்ளிக்கொண்டு போய்க் கோயில் முடக்கில் கொஞ்ச நேரம். அங்கேயும் நிழல் வந்தால் பாலத்துப் பக்கம். பியசேன ஸ்டியரிங்கைப் பிடிக்க, நாங்கள் பின்னால் தள்ளினோம். வேலை விட்டு வந்த பெண்களும் கை கொடுத்தார்கள். சீட்டு வெளுத்துக்கொண்டே வந்தது. கூரைத் துணிக்குத்தான் வெயில் எட்டவில்லை.

நான் என் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து தரையில் சாய்த்துப் பிடித்தேன். வெயில் அதில் பட்டு, உள்ளே கூரையில் போய் விழுந்தது. அதைப் பார்த்ததும் ஒவ்வொருத்தியாகக் கண்ணாடி எடுத்து வந்துவிட்டார்கள். தகரச் சட்டம் போட்டது, மூலை உடைந்தது, பொட்டு ஒட்டி வைத்தது. காரைச் சுற்றிக் குந்திக்கொண்டு வெயிலை உள்ளே தள்ளினார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே பெண்கள்தான். நம் ஊரில் வெயிலைக் கண்டால் முக்காடு போட்டு ஓடுகிறோமே, இங்கே அதைக் கண்ணாடியில் பிடித்து ஒரு சிங்களவன் காருக்குள் வைக்கிறோம் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கார் பால் மாதிரி ஆனது. எண்ணெய் பூசித் துடைத்து முடித்தபோது செல்லம்மா வந்து நின்றாள். உள்ளே பார்த்தாள். கையை வைக்கவில்லை.

"அழுக்குப் போச்சுக்கா. தீட்டுப் போச்சா?" என்றாள்.

அதற்குத் துணியும் எண்ணெயும் என்னிடம் இல்லை. தொழில் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"செல்லம்மா, ஒம் மக பொறந்தப்ப மொதல்ல தொட்ட கை யாரு கை?"

கேட்டுவிட்டு நானே சொன்னேன்.

"அஞ்சல கை. கொடி சுத்திப் பொறந்த புள்ளய அவதான் தட்டித் தட்டி அழ வச்சா. அவ மடியில கெடந்த புள்ள, அவ கெடந்த சீட்டுல ஒக்காந்தா என்னா கொறஞ்சு போயிரும்? தங் காலத்துல காருல ஏறாதவ, ஒரு தடவ ஏறிட்டுப் போயிட்டா. அதுக்கு அவளயா தள்ளி வைக்கிறது?"

செல்லம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பியசேனவைப் பார்க்காமலே, "வெள்ளென வரச் சொல்லு. பூ கட்டணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களம் பாதி கைச் சைகைதான். அவன் என்ன புரிந்துகொண்டானோ, குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். என் கால் முழுக்க விளக்கெண்ணெய்.

கல்யாணத்தன்று பொண்ணோடு துணைக்கு யார் போவது என்று பேச்சு வந்தபோது, செல்லம்மா என் பெயரைச் சொன்னாள். மற்றவர்களும் காரைச் சுற்றி நின்று, ஏறுங்கக்கா, ஏறுங்க என்றார்கள். எத்தனையோ காருக்குள் முட்டி போட்டுக் கிடந்திருக்கிறேன், தலைகீழாகத் தொங்கியிருக்கிறேன். சீட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். தோல் எவ்வளவு வழவழப்பாக இருந்தது தெரியுமா! என் கை வேலை என் முதுகுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வாரமே இன்னும் இரண்டு கல்யாண வீடு பியசேனவைத் தேடி வந்தது.

அன்றைக்குப் பொண்ணோடு போன வழியைச் சொல்ல வேண்டும், அட்டன் டவுனுக்கு வந்ததும் ரோடு பிரிகிறது. ஒரு பக்கம் ஸ்டேஷனும், கொழும்புக்கு இறங்குகிற வழியும். மறுபக்கம் தலவாக்கலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் ஏறுகிற வழி. அந்த ஸ்டேஷனில்தான் அஞ்சலையும் நானும் புதுப்பெண்களாக, குளிரில் பல் அடிக்க, தகரப் பெட்டியோடு இறங்கினோம். எப்போது திரும்பி வருகிறாய் என்று ஊரில் இருந்து நீங்கள் சொல்லி அனுப்பும்போதெல்லாம் என் கண்ணுக்கு வருவதும் அந்தப் பிளாட்பாரம்தான். அன்றைக்கும் அங்கே ஒரு ரயில் புகை விட்டுக்கொண்டு நின்றது. பியசேன ஹாரன் அடித்துக் காரைத் தலவாக்கலைப் பக்கம் திருப்பினான். கார் ஒரு பக்கம் திரும்பினால் உடம்பு மறுபக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது. நான் அப்படியே ஸ்டேஷன் பக்கம் சாய்ந்தேன். விழுந்துவிடாமல் எட்டிப் பிடித்துக்கொண்டது, பக்கத்தில் இருந்த மணப்பெண்ணின் தோளைத்தான்.