சம்பந்தி இருந்த கதிரை

மகளைப் பெண் பார்க்க இறக்கக்கண்டியிலிருந்து வருகிறார்கள் என்றதும், வீட்டுக் கதிரைகளுக்கு நானே புது றெக்சீன் போட்டேன். நீளமான கம்பிப் பின்தான் உறுதியாகப் பிடிக்கும் என்று நம்பி, மெல்லிய பலகையின் அடியில் ஸ்டேப்பிள் கன்னால் விளாசினேன். முனைகள் பலகையைத் துளைத்து ஸ்பொஞ்சுக்குள் காத்திருந்தன. பார்த்தால் தெரியாது, இருந்தால்தான் தெரியும்.

மாப்பிள்ளையின் தகப்பன் வந்து ஒரு கதிரையில் இருந்தார். அவர் முகம் கோணியது.

"என்ன, சரியில்லையோ?"

"சீச்சீ, நல்ல கதிரை."

தேத்தண்ணி குடித்து, சம்மதம் சொல்லும்வரை மனிதர் அசையவில்லை. வாசலில் வைத்துத்தான் என் காதுக்குள் சொன்னார்: "அண்ணன், பலகையின்ர தடிப்பை விடக் கட்டையான பின் அடியுங்கோ. என்ர மனிசி இதில இருந்திருந்தா, இந்தக் கலியாணம் நடக்காது!"

பின்களை அன்றைக்கே மாற்றினேன். மகள் அந்த வீட்டில் எப்படி இருப்பாளோ என்ற கவலையும் அன்றைக்கே போய்விட்டது.